4 எக்ஸ் லென்ஸுக்கும் ஃபோகஸ் வேண்டும்

‘4 எக்ஸ்தானே? ஆழம் நிறைய இருக்கு, ஃபோகஸ் முன்னே பின்னே இருந்தாலும் படம் வந்துவிடும்.’ தாவரவியல் ஆய்வகங்களில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இப்படிச் சொல்பவர்கள்தான் பிறகு, ‘40 எக்ஸில் படம் நன்றாக இருக்கிறது, 4 எக்ஸில் மங்கல், லென்ஸ் போய்விட்டது’ என்று புது லென்ஸுக்கு இன்டென்ட் போடுகிறார்கள். பெரும்பாலும் லென்ஸில் ஒரு கோளாறும் இருப்பதில்லை.

ஸ்லைடு பக்கத்துக்கு அவர்கள் சொல்வது பொருந்தும். என்.ஏ. (நியூமெரிக்கல் அப்பெர்ச்சர், லென்ஸ் ஒளியை வாங்கும் திறனின் அளவு) 0.10 உள்ள 4 எக்ஸ் லென்ஸில், பச்சை ஒளியில், சுமார் 55 மைக்ரான் ஆழம் தெளிவாகத் தெரியும், என்.ஏ. 0.65 உள்ள 40 எக்ஸில் 1.3 மைக்ரான்தான். ஆனால் கேமராவின் சென்சார் இருப்பது மறுபக்கம். அங்கே கணக்கு தலைகீழ். இந்த ஆழத்தை உருப்பெருக்கத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 4 எக்ஸுக்கு 0.9 மில்லிமீட்டர்கூடத் தேறாது. 40 எக்ஸுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்கும். கேமரா ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் 40 எக்ஸ் பொறுத்துக்கொள்ளும், 4 எக்ஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

‘கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதே?’ தெரியும்தான். சாஃப்ரனின் சாயம் ஏற்றிய சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டில் சைலச் சுவர்கள் கண்ணுக்குக் கோடு கோடாகத் தெரியும். அதே நேரம் திரையில் அந்தச் சிவப்பு பக்கத்துத் திசுவில் கசிந்து கிடக்கும். கண் தன் லென்ஸைத் தானே மாற்றிக்கொள்கிறது. 4 எக்ஸ் லென்ஸும் கண்ணருகு லென்ஸும் சேர்ந்து மொத்த உருப்பெருக்கம் 40 மடங்காக இருக்கும்போது, இளம் கண்ணின் இந்தத் திறமை மட்டுமே சுமார் 150 மைக்ரான் ஆழத்தைக் கூட்டிக்கொடுக்கும். சென்சாரால் அது முடியாது.

வழி எளிது, செலவும் இல்லை. 40 எக்ஸில் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். திருகைத் தொடாமல் 4 எக்ஸுக்கு மாறுங்கள். இப்போது கேமரா அடாப்டரை மட்டும் ஏற்றி இறக்கி, படம் தெளிந்த இடத்தில் பூட்டிவிடுங்கள். இரண்டும் ஒரே வரிசை லென்ஸ்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணருகு லென்ஸின் டயாப்டர் வளையத்தையும் அவரவர் கண்ணுக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

கண்டென்சர் ஐரிஸை முழுக்க மூடினால் ஆழம் கூடும் என்பார்கள். கூடும், நுண்விவரம் போய்விடும். லென்ஸின் துளையில் முக்கால் பங்கு திறந்திருக்கட்டும். மெகாபிக்சல் மோகத்துக்கும் அடிப்படை இல்லை. இந்த 4 எக்ஸ் லென்ஸால் 3.4 மைக்ரானுக்கு நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டவே முடியாது. எந்த சென்சாரும் அதைப் பிரித்துத் தராது.

இன்னொன்று. படத்தின் அடியில் ‘40 எக்ஸ்’ என்று மட்டும் எழுதி ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதை ஆசிரியர்கள் இனியும் ஏற்கக் கூடாது. அச்சிலும் திரையிலும் அளவு மாறியதும் அந்த எண் பொய்யாகிவிடுகிறது. அளவுகோல் கோடு போடச் சொல்லுங்கள், லென்ஸின் என்.ஏ.வையும் எழுதச் சொல்லுங்கள். அது லென்ஸின் உடம்பிலேயே, உருப்பெருக்கத்துக்கு அடுத்த எண்ணாகப் பொறித்திருக்கிறது.