மருந்து ஆய்வில் சமூகவியலுக்கு என்ன வேலை?

கேள்வி: என் மகள் சமூகவியலில் எம்.ஏ. முடித்தவள். அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் காசநோய்த் திட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. "டாக்டரும் லேப் ஆட்களும் பார்க்கிற வேலை. அங்கே இவள் வீடு வீடாகப் போய் ஃபாரம்தானே நிரப்பப்போகிறாள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: ஆமாம் அம்மா, ஃபாரம் நிரப்பத்தான். அப்படி வீடு வீடாகக் கேட்டு எழுதியவர்களால்தான் நம் நாட்டுக் காசநோய்த் திட்டமே திசை மாறியது.

பெங்களூரில் 1959இல் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கியபோது மருத்துவர்களோடு சமூகவியலாளர்களுக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள். கிராமத்து ஜனங்களுக்கு விவரம் போதாது, இருமி இருமி இளைத்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்பது அன்றைக்குப் பலருடைய நினைப்பு. அங்கே வேலை பார்த்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். தும்கூர் மாவட்டத்தில் நோயாளிகளைத் தேடிப் போய்ப் பேசினார்கள். உடம்புக்கு என்ன செய்கிறது, கவலைப்பட்டீர்களா, யாரிடம் காட்டினீர்கள்?

பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பில் ஏதோ கோளாறு என்று தெரிந்திருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. சளியைப் பரிசோதிக்க ஆளில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வரவில்லை என்று அவர்மேலேயே பழி போட்டிருக்கிறோம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. ஆய்வு 1963இல்தான் அச்சேறியது. ஆனால் பக்கத்து சுகாதார நிலையத்திலேயே சளிப் பரிசோதனையும் மருந்தும் கிடைக்க வேண்டும் என்று 1962இல் உருவான தேசியத் திட்டத்துக்கு அது முக்கியமான அடித்தளம்.

நம் சென்னையிலும் ஒரு கதை உண்டு. 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருடம் மருந்து கொடுத்துப் பார்த்தது. நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு. அப்படியும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். ஆனால் மாத்திரை உள்ளே போகிறதா என்று யார் பார்ப்பது? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

எண்ணுவதோடு வேலை முடியாது என்பதை ஒரு பெண்ணிடம் கற்றுக்கொண்டேன். நானும் இப்படி வீடு வீடாகப் போகும் வேலையில் சேர்ந்த புதிது. அவள் கல்யாணமாகி சில மாதங்களே ஆனவள். மாத்திரையைக் காட்டச் சொன்னேன். "தீர்ந்துபோச்சு" என்றாள். 'ஒழுங்கில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுக் கிளம்பினேன். குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்வரை கூடவே வந்தாள். "அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன்க்கா. தினமும் சாப்பிடறேன். மாமியாருக்குத் தெரியாது. நீங்க வீட்டுக்கு வராதீங்க, நானே வந்து வாங்கிக்கறேன்" என்றாள். அங்கேயே நின்று டிக்கை அடித்துத் திருத்தினேன்.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஃபாரத்தில் இடமில்லாத இந்த மாதிரிப் பேச்சை எழுத ஒரு நோட்டு தனியாக வைத்துக்கொள்ளட்டும். யார் பெயரும் அதில் வேண்டாம். மாதக் கூட்டத்தில் டாக்டர்கள் கணக்கைப் பார்க்கும்போது அதையும் வாசித்துக் காட்டட்டும்.