வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: முதலில் பயணப் பத்திரம், பிறகு காசு



"மகள் கொலிஜில ரெண்டாம் வருஷம். லண்டனுக்குப் போய் ஒரு செமஸ்டர் படிக்கலாமாம். விடலாமோ? காசுக்கு என்ன செய்யிறது?" பிளானோ பக்கத்துப் பெற்றோரின் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கொலின் கொலிஜின் ஸ்பிறிங் கிறீக் வளாகத்தில் படித்தாலும் சரி, ரிச்சர்ட்சனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டலஸ் வளாகத்தில் படித்தாலும் சரி, காசுதான் முன்னுக்கு வரும். ஆனால் அகதியாக வந்த குடும்பத்துக்கு அது இரண்டாவது கேள்வி. போகிற பிள்ளை எந்தப் பத்திரத்தைக் காட்டித் திரும்பி வரப் போகுது என்பதுதான் முதலாவது. ஆகவே இந்தப் பாடத்தையும் அந்த ஒழுங்கிலேயே சொல்கிறோம்.

உங்கள் நிலை என்ன?

அசைலம் வழக்கு இன்னும் முடியவில்லை என்றால், தயவு செய்து இந்த யோசனையைத் தள்ளி வையுங்கோ. முன் அனுமதி எடுக்காமல் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். படிப்புக்குத்தானே போனது என்ற விளக்கம் எடுபடாது.

அகதி நிலையோ அசைலமோ கிடைத்தவர்கள், அதன் வழியாக கிறீன் கார்ட் எடுத்தவர்கள், அகதிகளுக்கான பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். படிவம் ஐ-131. அமெரிக்காவை விட்டுப் புறப்பட முன்னமே விண்ணப்பித்து, கைரேகையும் கொடுத்துவிட வேண்டும். பத்திரம் கைக்கு வரப் பல மாதங்கள் எடுக்கும், ஒரு வருஷத்தைத் தாண்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அடுத்த ஓகஸ்டில் போக நினைக்கிற பிள்ளை பல்கலைக்கழகத்தின் படிவத்தை நிரப்ப முன்னமே இதை அனுப்பியிருக்க வேண்டும்.

இந்தப் பத்திரம் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், அதை நீட்டவும் முடியாது. பல நாடுகள் நீங்கள் திரும்பும் திகதிக்குப் பிறகும் சில மாதங்கள் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 3 மாதம் கேட்கின்றன. வீசா எடுக்கிற காலத்தையும் கழித்தால் மிஞ்சுவது ஒரு செமஸ்டர்தான். முழு வருஷப் படிப்பை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 6 மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியில் நின்றால், பிறகு குடியுரிமைக்குப் போகும்போது கேள்வி வரும். ஒரு வருஷமோ அதற்கு மேலோ நின்றால் அதுவரை சேர்த்த தொடர் வதிவு முறிந்துபோகும்.

"இலங்கைப் பாஸ்போர்ட் இருக்குதானே, அதைப் புதுப்பிச்சுக்கொண்டு போகட்டுமே" என்று சொல்கிற சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். கேட்காதையுங்கோ. எந்த நாட்டுக்குப் பயந்து வந்தோமோ அந்த நாட்டின் பாஸ்போர்ட்டை எடுப்பதும், லீவுக்கு அங்கே போய் அம்மம்மாவைப் பார்ப்பதும், பாதுகாப்புத் தேவையில்லை என்று நீங்களே சொன்னது போல ஆகலாம். கிறீன் கார்ட் கையில் இருந்தாலும் இந்த விஷயம் தோண்டப்படலாம். 2025இலிருந்து குடிவரவு விதிகள் அடிக்கடி மாறுவதால், ரிக்கற் போட முன் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கட்டாயம் கதையுங்கோ.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். தாயோ தகப்பனோ குடியுரிமை எடுத்தபோது பிள்ளைக்கு 18 வயது ஆகாமல், கிறீன் கார்ட்டோடு அவர்களின் பொறுப்பில் கூட இருந்திருந்தால், 2001 பெப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி அந்தப் பிள்ளையும் தானாகவே அமெரிக்கக் குடிமகன் ஆகிவிடுகிறது. இது தெரியாமல் பயணப் பத்திரத்துக்கு அலைகிற பிள்ளையள் இருக்கக்கூடும். பழைய கடிதங்களை எடுத்துத் திகதிகளைப் பாருங்கோ. குடிமகன் என்றால் நேரே பாஸ்போர்ட்டுக்குப் போகலாம்.

எந்த நாடு?

வகுப்பில் பக்கத்தில் இருக்கிற அமெரிக்கப் பிள்ளை வீசா இல்லாமல் போகிற நாட்டுக்கு உங்களுக்கு வீசா தேவைப்படலாம். சில நாடுகள் பயணப் பத்திரத்தை ஏற்பதே இல்லை. இடத்தைத் தெரிவு செய்ய முன் அந்த நாட்டுத் தூதரகத்திடம் எழுத்தில் கேளுங்கோ.

கிறீன் கார்ட் உள்ளவர்களுக்குக் கனடா சுலபமானது. செல்லுபடியான கிறீன் கார்ட்டும் ஏற்கக்கூடிய பயணப் பத்திரமும் இருந்தால் வருகை வீசா தேவையில்லை. 6 மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்குப் படிப்பு அனுமதியும் வேண்டாம். ரொறன்ரோவில் பெரியம்மா வீடு இருந்தால் வாடகையும் மிச்சம். (உலகம் பார்க்கப் போய் ஸ்காபரோவில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறதோ என்று பிள்ளை முறைக்கும். அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.)

காசு

முதலில் திட்டத்தின் வகையைப் பாருங்கோ. பரிமாற்றத் திட்டம் என்றால் வழமையாக இங்கே கட்டுகிற அதே கட்டணத்தைத்தான் கட்டுவீர்கள். அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நேரே சேர்ந்தால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்பார்கள், அது பல மடங்கு. இடையில் ஒரு நிறுவனம் நடத்துகிற திட்டமும் உண்டு. வசதி கூட, விலையும் கூட.

அகதி நிலையோ அசைலமோ கிடைத்தவர்களும், கிறீன் கார்ட் உள்ளவர்களும் ஃபாஃப்சா நிரப்பி அரச உதவி கேட்கலாம். தாய் தகப்பனின் குடிவரவு நிலை பிள்ளையின் தகுதியைப் பாதிக்காது. பெல் கிறான்ட் 2025-26 கல்வியாண்டில் ஆகக் கூடியது 7,395 டொலர். வெளிநாட்டில் படிக்கிற பாடங்களை உங்கள் கல்லூரி தன் பட்டத்துக்கு ஏற்றுக்கொண்டால் இந்த உதவியை அங்கேயும் பாவிக்கலாம். ஆகவே பாட ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கோ. நிதி உதவி அலுவலகத்தில் "இந்த செமஸ்டருக்கான செலவுக் கணக்கைத் திருத்தித் தாருங்கோ" என்றும் கேட்கலாம். விமானச் செலவையும் சேர்த்தால் உதவிக்கான எல்லை உயரும். ஆனால் உயர்கிற பகுதி பெரும்பாலும் கடனாகத்தான் வரும், கவனம்.

டெக்சாஸ் சட்டப்படி பொதுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுப் படிப்பு உதவிக்காக ஒவ்வொரு மாணவரிடமும் செமஸ்டருக்கு 1 முதல் 4 டொலர் வரை வாங்கலாம். அப்படி வாங்குகிற இடத்தில் உங்கள் காசும் அந்த நிதியில் கிடக்கிறது, விண்ணப்பிக்க வெட்கம் வேண்டாம். பெல் கிறான்ட் பெறுவோருக்கான கில்மன் புலமைப்பரிசில் 5,000 டொலர் வரை கொடுக்கும், ஆனால் குடிமக்களுக்கு மட்டும். அடுத்த வருஷம் குடியுரிமை கிடைக்கப் போகுது என்றால், பயணத்தையும் ஒரு வருஷம் தள்ளுவது நல்ல கணக்கு. பாஸ்போர்ட்டும் வரும், கில்மனும் கேட்கலாம்.

குடும்பங்கள் தவற விடுகிற இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, உதவிக் காசு செமஸ்டர் தொடங்குகிற நேரம்தான் வரும். ரிக்கற், வீசாக் கட்டணம், முன்பணம் எல்லாம் மாதக்கணக்கில் முந்தி வேண்டும். உதாரணத்துக்கு அது 2,500 டொலர் என்று வைத்துக்கொண்டால், பத்து மாதம் முன்பே தொடங்கி மாதம் 250 சேர்க்க வேண்டும். கிறெடிட் கார்ட்டில் போட்டால் வட்டி தின்னும். மற்றது, பிள்ளை பின்னேரம் கடையில் நின்று உழைக்கிற சம்பளம். நாலு மாதம் அது வராது. அந்தக் காசில்தான் வீட்டு மின்சாரக் கட்டணமும் கார் இன்சூரன்சும் போகிறது என்றால், அதையும் பயணச் செலவாகவே எழுதுங்கோ. இதைப் பிள்ளையோடு வெளிப்படையாகக் கதையுங்கோ. பல பிள்ளையள் இதை நினைத்தே வீட்டில் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

போன பிறகும் ஒரு வேலை காத்திருக்கும். அடுத்த வருஷத்துக்கான ஃபாஃப்சா வழமையாக ஒக்டோபரில் திறக்கும், டெக்சாஸின் முன்னுரிமைத் திகதி ஜனவரி 15. பிள்ளை வெளியில் நிற்கிற நேரம் அது. பெற்றோரும் தங்கள் பெயரில் கணக்குத் திறந்து ஒப்பமிட வேண்டி வரும் என்பதால், அந்தக் கணக்கைப் புறப்பட முன் பிள்ளையோடு இருந்து திறந்து, கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. அதே கொப்பிக்குள் பயணப் பத்திரம், கிறீன் கார்ட், ஐ-94 ஆகியவற்றின் பிரதிகளும் இருக்கட்டும்.