கொழும்பில் இரண்டு நாள் தங்க வேண்டி வந்தால்

தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரணத்துக்காகப் போகிறோம்: பெரியாஸ்பத்திரி கிளினிக், பாஸ்போட், வெளிநாட்டு வேலை. இவற்றில் எதுவும் ஒரே நாளில் முடியும் என்று சொல்ல முடியாது. "இரத்தம் சோதித்துவிட்டு நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் அன்று ராத்திரி எங்கே படுப்பது? சொந்தக்காரப் பையன் புறக்கோட்டைக் கடையில் நிற்கிறான் என்று நம்பிப் போவோம். அவனே கடைக்கு மேலே ஆறு பேரோடு பாய் விரித்துப் படுக்கிறவனாக இருப்பான். ஆகவே லயத்தை விட்டுப் புறப்படும் முன்பே தங்கும் இடத்தை யோசித்துவிட வேண்டும்.

முதலில் நீங்கள் போகும் இடம் எது என்று பாருங்கள். எல்லாவற்றையும் நாம் "கொழும்பு" என்றே சொல்கிறோம். ஆனால் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பது மகரகமையில். கோட்டை ஸ்டேஷனிலிருந்து அது சுமார் 15 கிலோமீற்றர். பாஸ்போட் தலைமை அலுவலகமும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் பத்தரமுல்லையில். தேசிய வைத்தியசாலையும் கண் ஆஸ்பத்திரியும் நகரத்துக்குள்ளே, கிட்டக்கிட்ட. சிறுவர் வைத்தியசாலை பொறளைப் பக்கம். வேலை எங்கேயோ அங்கே கிட்டத்தான் ரூம் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலை இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும், கணக்குப் போடும் முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். புறக்கோட்டையில் ஒரு ரூம் 2,000 ரூபா, மகரகமையில் 2,700 ரூபா என்று வைப்போம். இரண்டு ராத்திரிக்கு 4,000, மற்றதில் 5,400. புறக்கோட்டையில் 1,400 ரூபா மிச்சம் என்று சந்தோசப்படுவோம். மறுநாள் காலை நோயாளியை நெருக்கடியான பஸ்ஸில் நிற்க வைத்துக் கொண்டுபோக முடியுமா? ஆட்டோ பிடித்தால் ஒரு தடவைக்கு 1,500 என்று வைத்தாலும் போக வர 3,000 ஆகிவிடும். மிச்சம் பிடித்தது போதாமல் கைக்காசும் போகிறது. அந்தக் காசுக்கு எத்தனை நாள் பேர் போட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து அவிசாவளை வழியாக வரும் பஸ்களில் சில மகரகமை வழியாகவே போகின்றன. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டால் அங்கேயே இறங்கிவிடலாம். பத்தரமுல்லைக்குப் போகிறவர்கள் பொறளை, ராஜகிரியப் பக்கம் தங்கினால் பஸ் வசதி.

காசு கொடுத்து ரூம் எடுக்கும் முன் காசில்லாத வழி இருக்கிறதா என்று கேளுங்கள். மகரகமையில் நோயாளிகளும் கூட வருகிறவர்களும் தங்குவதற்குத் தர்மமாக நடத்தும் இடங்கள் உண்டு. அதை ஆஸ்பத்திரியில் சமூக சேவை உத்தியோகத்தரிடம், அல்லது வாட்டில் மிஸ்ஸிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுச் சொல்லப் போவதில்லை. நம்முடைய ஆட்கள் கேட்கக் கூச்சப்பட்டே பாதிக் காசைச் செலவழிக்கிறார்கள். சிறு பிள்ளையை வாட்டில் சேர்த்தால் வழக்கமாகத் தாயை உடன் இருக்க விடுவார்கள். அப்போது தகப்பனுக்கு மட்டும் ஒரு கட்டில் போதும், குடும்ப ரூம் தேவையில்லை.

ரூம் எடுக்கத்தான் வேண்டும் என்றால், பஸ் ஸ்டாண்டில் "ரூம் வேணுமா" என்று பையைப் பிடித்து இழுக்கிறவன் பின்னால் போகாதீர்கள். அவனுக்குக் கிடைக்கும் கொமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். கோட்டை, புறக்கோட்டைப் பக்கம் மணிக்கணக்கில் ரூம் விடும் இடங்களும் இருக்கின்றன. பொம்பளைப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கே போக வேண்டாம். கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு, வெள்ளவத்தைப் பக்கம் தமிழ் பேசி இடம் கேட்கலாம், நம்முடைய சாப்பாடும் கிடைக்கும். ஆனாலும் பாஷைக்காகத் தூரத்தில் தங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

போகும் முன் போனில் பேசுங்கள். ரூம் எவ்வளவு என்பதோடு நிறுத்தக்கூடாது. ஒரு நாள் என்பது எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று கேட்க வேண்டும். பல இடங்களில் பகல் 12 மணிக்கு நாள் மாறும். இரவு பஸ்ஸில் போய் விடியக்காலை நாலு மணிக்குக் கதவைத் தட்டினால் சில இடங்களில் முதல்நாள் காசும் சேர்த்து எழுதிவிடுவார்கள். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உடம்புக்கு முடிந்தவர்கள் அந்த நேரத்தில் நேரே கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்துவிட்டு, பகலில் ரூமுக்குப் போவது நல்லது. முடியாத நோயாளி, கைப்பிள்ளைக்காரி என்றால் முதல்நாள் பகல் பஸ்ஸிலேயே போங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சிங்களம் அவ்வளவாக வராதவர்கள் இரண்டு வார்த்தை பாடமாக்கிக்கொள்ளுங்கள். "காமரே பலன்ன புளுவன்த?" என்றால் ரூமைப் பார்க்கலாமா. "ஒக்கொம எக்க கீயத?" என்றால் எல்லாம் சேர்த்து எவ்வளவு. இந்த இரண்டாவது கேள்வி முக்கியம். ஏசி, சுடுதண்ணி, கூடுதல் மெத்தை என்று பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். கொழும்புச் சூட்டுக்குச் சுடுதண்ணி எதற்கு? ஃபேன் ரூம் போதும்.

ரூமைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். உள்ளே போய்க் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் விழுகிறதா, பைப்பில் தண்ணி வருகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பில் டெங்கு நுளம்பு உண்டு, அது பகலிலும் கடிக்கும். ஒரு நுளம்புச் சுருளும், விரிக்க ஒரு சீலையும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். கம்பளி வேண்டாம்.

அடையாள அட்டை பற்றி ஒரு வார்த்தை. விடுதியில் பெயரும் நம்பரும் எழுதிக்கொள்வது வழமை, அதற்குப் பயப்பட வேண்டாம். வயதானவர்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தும்படி இடைக்கால உத்தரவு போட்டது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் அட்டையையே வாங்கி லாச்சியில் போட்டுப் பூட்ட விடாதீர்கள். போட்டோ பிரதி கொடுங்கள். ஒரிஜினல் நாளைக்கு கவுண்டரில் உங்களுக்கே வேண்டும்.

கொடுத்த காசுக்குத் துண்டு வாங்குங்கள். அதில் திகதியும் எத்தனை நாள் என்பதும் இருக்கட்டும். திரும்பி வரும் பஸ் காசை வேறாக முடிந்து வையுங்கள்.

கிளினிக் திகதி கிடைத்தவுடன் கார்டைக் கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வந்தால், எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று பார்த்து, இரண்டு மூன்று இடத்துக்கு இங்கிருந்தே போன் போட்டுக் கேட்டுத் தருகிறேன். சம்பள நாளில் மட்டும் வராதீர்கள், அன்று எனக்குத் தலை நிமிர நேரமிருக்காது.