வெயில் இலவசம், இருந்தும் ஏன் தோற்றது?

எகிப்தின் தலைநகரான கெய்ரோவுக்கு அருகில் மாதி என்று ஓர் ஊர் இருக்கிறது. 1913ஆம் ஆண்டு அங்கே ஓர் எந்திரம் நைல் நதி நீரை வயலுக்கு இறைத்தது. அதற்குக் கரியும் வேண்டியதில்லை, எண்ணெயும் வேண்டியதில்லை. வெயிலே எரிபொருள்! அதை அமைத்தவர் ஃபிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர்.

குழியாடியை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதையே பரவளைவு வடிவத்தில் நீண்ட தொட்டிபோல் வளைத்தால், ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் ஒரு கோட்டின்மீது குவியும். அந்தக் கோட்டில் கறுப்பு பூசிய கொதிகலனை வைத்தார் ஷூமன். அதில் உண்டான நீராவி எந்திரத்தை ஓட்டியது. இப்படி ஐந்து தொட்டிகள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 62 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம்.

கணக்குப் போடுவோம். மொத்தப் பரப்பு 1,240 சதுர மீட்டர். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு 1 கிலோவாட் என்று கொண்டால், விழும் ஆற்றல் 1,240 கிலோவாட். எந்திரம் தந்ததோ சுமார் 55 குதிரைத்திறன், அதாவது 41 கிலோவாட். நூற்றுக்கு மூன்று பங்கு சொச்சம்! சிரித்துவிடாதீர்கள். எகிப்துக்கு நிலக்கரி கப்பலில்தான் வரவேண்டும், விலையும் அதிகம். ஆகவே இந்தச் சொற்பத் திறனே அங்கே கட்டுப்படியாயிற்று.

1914இல் உலகப் போர் மூண்டது; வேலை நின்றது. 1918இல் ஷூமன் காலமானார். போருக்குப் பின் எண்ணெய் மலிவாகப் பெருகியது. மாதியின் தொட்டிகளை நினைப்பார் இல்லை. அவருடைய இயற்பியலில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

பின் எங்கே இடித்தது? வீட்டுக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க வேண்டும். 100 × 4.2 × 35 = 14,700 கிலோஜூல். 3,600ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம். யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சூரிய நீர்ச்சூடேற்றி நாளொன்றுக்கு 20 ரூபாய் மிச்சம் பிடிக்கும். அதன் விலை 20,000 ரூபாய் என்றால் 1,000 நாளில் போட்ட முதல் திரும்பிவிடும். மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாயாகக் குறைந்தால்? 2,000 நாள் ஆகும். வெயில் குறையவில்லை, கருவியும் பழுதாகவில்லை, நீரும் தன் வெப்ப ஏற்புத்திறனை மாற்றிக்கொள்ளவில்லை! ஆனால் வாங்க வந்தவர் கடை வாசலோடு திரும்பிவிடுவார். நானும் அப்படித்தான் செய்வேன்.

1973இல் பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், மறு ஆண்டே 11 டாலரைத் தாண்டியது. 1980இல் 35 டாலரைத் தொட்டது. 1979இல் அதிபர் கார்ட்டர், வெள்ளை மாளிகைக் கூரையில் 32 சூரிய நீர்ச்சூடேற்றிப் பலகைகளை வைத்தார். 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. அவ்வாண்டே கூரையைப் பழுதுபார்க்கக் கழற்றிய பலகைகள் திரும்ப ஏறவில்லை.

கூரையை விட்டுத்தள்ளுங்கள், சாலையைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 1975இல் புதிய கார்கள் சராசரியாக லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் ஓடின. 1987இல் அது ஒன்பதைத் தாண்டியது. 2004இலோ எட்டு சொச்சத்துக்கு இறங்கிவிட்டது! இடையில் எந்திர நுட்பம் வளரவில்லையா? நன்றாக வளர்ந்தது. ஆனால் பெட்ரோல் மலிவாக இருந்ததால், அந்த முன்னேற்றம் முழுவதும் கனத்த வண்டியை வேகமாக இழுப்பதற்கே செலவாயிற்று. மலிவான நாளில் வாங்கிய வண்டி பத்துப் பதினைந்து ஆண்டு வாசலில் நிற்கும். 2008இல் எண்ணெய் 140 டாலரைத் தாண்டியபோதும் அதே வண்டிக்குத்தான் பெட்ரோல் போட வேண்டியிருந்தது.

2020 ஏப்ரலில் விலை மறுபடி அதலபாதாளத்துக்குப் போனது. ஆனால் அந்த ஆண்டில்தான், அதுவரை எந்த ஆண்டிலும் இல்லாத அளவுக்குச் சூரிய, காற்றாலை மின் நிலையங்கள் உலகெங்கும் எழுந்தன. ஏன்? பத்தாண்டுகளில் சூரிய மின்பலகையின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. மேலும், உலகின் மின்சாரத்தில் எண்ணெயிலிருந்து வருவது இப்போது மிகக் குறைவு. எண்ணெய் பெரும்பாலும் வண்டிகளுக்கே போகிறது. ஆகவே மலிந்த எண்ணெயோடு நேருக்கு நேர் மோத வேண்டியது மின்கல வண்டிதான்.

அந்தக் கணக்கை நீங்களே போடுங்கள். ஒரு பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டரும், ஒரு மின் ஸ்கூட்டர் யூனிட்டுக்கு 30 கிலோமீட்டரும் ஓடுவதாகவும், யூனிட் 6 ரூபாய் எனவும் கொள்க. பெட்ரோல் என்ன விலைக்கு இறங்கினால் இரண்டின் ஓட்டச் செலவும் சமமாகும்? விடை 9 ரூபாய் என்று வரவேண்டும். பிறகு, உங்கள் ஊர்க் கடையில் இரண்டு வண்டிகளின் விலையையும் விசாரித்து, அந்த வித்தியாசத்தையும் சேர்த்து மறுபடி போட்டுப் பாருங்கள்.