வாழைத்தண்டு குடித்தால் கஞ்சா இறங்குமா?

வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போகவிருந்த தம்பி ஒருவர், மெடிக்கலுக்கு நாலு நாள் இருக்கையில் கேட்டார்: "அண்ணே, வாழைத்தண்டு சாறு மூணு வேளை குடிச்சா கஞ்சா இறங்கிடுமாமே, நிசமா?" சிறுமலை அடிவாரத்தில் வாழைத்தண்டுக்கா பஞ்சம்? கல்லடைப்புக்கு அதையே குடித்துப் பழகிய திண்டுக்கல்லில் இப்படியொரு கணக்குப் பிறந்ததில் வியப்பில்லை. கணக்குதான் தப்பு.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சில மணி நேரத்தில் போதை தெளிந்துவிடும், சரக்கு போகாது. உடம்புக் கொழுப்பில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குக் கசியும். கல்லீரல் அதை உருமாற்றி அனுப்ப, பெரும்பகுதி மலத்தோடு போகிறது. சிறுநீரில் வருவது கால்வாசிக்கும் குறைவு. வாழைத்தண்டோ மோரோ எலுமிச்சையோ, எதைக் குடித்தாலும் அந்தக் கசிவு வேகமெடுக்காது, சிறுநீர்தான் நீர்த்துப்போகும். அதையும் லேப்காரர்கள் பிடித்துவிடுவார்கள். சிறுநீரில் வரும் கிரியேட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மாதிரியையே சந்தேகிப்பார்கள்.

"ஒரு மாசம் தெரியும்" என்பது பாதி உண்மை. மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்ற வழக்கமான வரம்பை வைத்துப் பார்த்தால், எப்போதோ ஒருமுறை இழுத்தவருக்குச் சிறுநீரில் மூன்று நாள் போலத் தெரியும். தினமும் இழுப்பவருக்கு 10, 15 நாள். வருடக்கணக்காக மூழ்கிக் கிடப்பவருக்கு 30 நாளையும் தாண்டலாம். எச்சிலில் ஓரிரு நாள்தான். முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், வேரோரம் மூன்று சென்டிமீட்டர் வெட்டினால் மூன்று மாதக் கதை தெரியும்.

சிறுநீரைச் சோதிக்கும் பட்டையில் இரண்டாவது கோடு மங்கலாக வந்ததுமே மாட்டிக்கொண்டோம் என்று பதறுகிறவர்கள் உண்டு. கர்ப்பப் பரிசோதனையைப் பார்த்துப் பழகிய கண் அது. இங்கே எல்லாம் தலைகீழ்: பொருள் இருந்தால் கோடு வராது, மங்கலாக வந்தாலும் நெகட்டிவ்தான். பாசிட்டிவ் வந்தாலும் அது முதல்கட்டச் சல்லடைதான். உறுதிப்படுத்த ஜிசி-எம்எஸ் போன்ற கருவிச் சோதனை வேண்டும். அந்தப் பாசிட்டிவும் முன்பு எப்போதோ இழுத்ததைச் சொல்லுமே தவிர, இப்போது போதையில் இருக்கிறார் என்று சொல்லாது. இதை மேஸ்திரிகளும் முதலாளிகளும் அடிக்கடி மறக்கிறார்கள்.

"நான் இழுக்கலண்ணே, ரூம்ல கூட இருந்தேன்." இது தம்பியின் அடுத்த வாதம். காற்றோட்டமே இல்லாத அறையில் பல பேர் விடாமல் புகைத்த ஆய்வில், புகைக்காதவருக்கும் பாசிட்டிவ் வந்ததுண்டு. அதுவும் அபூர்வமாக, சில மணி நேரத்துக்கு. நாலு நாளுக்கு அந்தச் சாக்கு தாங்காது.

இழுப்பதே குற்றம்தான்: போதைப்பொருள் சட்டம் 1985, பிரிவு 27. அதே சட்டத்தின் 64ஏ பிரிவைத்தான் யாரும் சொல்வதில்லை. அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் இந்த வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்க வழியுண்டு.

குருமாவில் போட்ட கசகசா கஞ்சா டெஸ்டில் மாட்டிவிடும் என்றும் ஒரு பயம். கசகசா அபினிச் செடியின் விதை. அதைச் சாப்பிட்டு டெஸ்டில் ஏதாவது தெரிந்தால் மார்பின்தான் தெரியும், கஞ்சா அல்ல. ஆனாலும் அம்மா கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடச் சொன்னேன். அமீரகத்தில் அதற்குத் தடை.