மாதக்கணக்கில் நின்ற காரைக் கிளப்புவது எப்படி?

அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் சென்னையில் ஏராளம். வந்த மறுநாள் காலை கவரை உருவிப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகுவார்கள். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். வாட்ச்மேன் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை ஒரே தீர்ப்பு: “பேட்டரி போச்சு சார்.” பேட்டரியில் சார்ஜ் தீர்வது வேறு, பேட்டரியே போவது வேறு. அது புரியாமல் புதுப் பேட்டரி வாங்கிவிட்டு, அதிலும் அதே ‘டக்’கைக் கேட்டவர்கள் உண்டு.

சார்ஜ் தீர்வதில் அதிசயம் இல்லை. பூட்டி நிறுத்தினாலும் கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் இழுக்கும். வெறும் 30 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர். சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஏழு வாரத்தில் துடைத்துவைத்த மாதிரி ஆகிவிடும்.

சாவியைத் தொடும் முன் பானெட்டைத் திறக்க வேண்டும். எலிப் புழுக்கை, கடித்த வயர், ஏர் ஃபில்டருக்குள் பஞ்சும் சருகும் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். எஞ்சின் ஆயில், கூலன்ட், டயர் காற்று பார்ப்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி காதுக்குத்தான் வேலை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருக வேண்டும். விளக்கு மங்கி, செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றினால் சார்ஜ் குறைவு. ‘டக டக டக’ என்று தொடர்ந்து அடித்தாலும் பெரும்பாலும் அதேதான். விளக்கு பளிச்சென்று அப்படியே எரிய, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லையா? பேட்டரியை விட்டுவிட்டு செல்ஃப் மோட்டாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார்களில் அதையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

விளக்கு எரிந்துகொண்டிருந்து, சாவியைத் திருகியதும் மொத்தமாக அணைந்தால் சந்தேகம் டெர்மினல் மேல் விழ வேண்டும். பலரும் கோட்டை விடும் இடம் இது. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்கு நூற்றுக்கும் மேல் வேண்டும். ஈயக் குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே படிந்த மெல்லிய உப்பு முதலாவதை விட்டுவிடும், இரண்டாவதை மறித்துவிடும். மேலே பளபளப்பாகத் தெரிவதை நம்பக் கூடாது. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் குமிழிலும் இன்னொன்றைக் கிளாம்பிலும் வைத்து, வேறொருவரைச் சாவி திருகச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அகப்பட்டான். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவைக் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் உள்பக்கம் தேய்த்து, மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியாக மாட்ட வேண்டும். மேலே கொஞ்சம் வாசலின்.

அதே மீட்டரால் பேட்டரியையும் அளந்துவிடலாம். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 11.9க்குக் கீழே காலி. காலியான பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் கடையில் ஒரு ராத்திரி போடுவதே உத்தமம். அவசரம் என்றால் ஜம்பர் கேபிள். சிவப்பின் ஒரு முனை காலி பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் கடைசி முனை நின்றுபோன காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரி மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். பொறி அங்கே பறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சுற்றுவழி. மற்ற காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு சாவி. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் திருகினால் செல்ஃப் மோட்டார் சூடாகிவிடும்.

நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளலாமே என்பார்கள். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. இன்றைய மேனுவல் கார்களிலும் பெட்ரோல் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போனால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குக் கேடு. அதன் விலையைக் கேட்டால் யாரும் தள்ள மாட்டார்கள்.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுபோய், பின்சீட்டுப் பக்கம் பம்ப்பின் ‘ஊம்’ சத்தம் அடங்கும்வரை இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, அணைத்து, இரண்டு முறை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். இறங்கிப்போன எரிபொருள் அழுத்தம் ஏறிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; டேங்க்கில் கொஞ்சமே இருந்தால் ஐந்து லிட்டர் புதிதாக ஊற்றுவது நல்லது. டீசல் காரில் கைப் பம்ப் இருந்தால் அது இறுகும்வரை அமுக்கி, லைனில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். மீட்டர் போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபைலைசர். மாற்றுச் சாவியை எடுத்து வர வேண்டியதுதான்.

கிளம்பியதும் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது பெரிய பயன் தராது. ஹேண்ட் பிரேக் ஒட்டியிருக்கிறதா என்று மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது மீட்டர் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சரி. மறுநாள் காலை 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால், கடையில் லோடு டெஸ்ட் போட்ட பிறகே புதுப் பேட்டரி பற்றிப் பேசலாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதைச் சும்மா விட்டுவிட்டு வரக் கூடாது, அதற்கும் விலையில் கழிவு உண்டு.