விலைக்கோட்டில் சராசரி ஏற்றம் காண்பது எப்படி?

தினசரி விலையைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடாக இழுப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். தேதி படுக்கையில், விலை செங்குத்தில். அதிலிருந்து நாளொன்றுக்குச் சராசரி ஏற்றம் காண்பது எளிது.

ஒரு மாதம் எங்கள் தாளில் துவரம் பருப்பு குவிண்டால் 1ஆம் தேதி ரூ.9,000, 11ஆம் தேதி ரூ.9,600. இவ்விரு புள்ளிகளையும் ஸ்கேல் வைத்துச் சேர்த்தால் வரும் நேர்கோட்டின் சாய்வுதான் சராசரி. ஏற்றம் ரூ.600. இடைவெளி 10 நாள் (11 என்று எண்ணிவிடக் கூடாது, அனுபவப்பட்ட கணக்குப்பிள்ளைகளே இதில் தவறுவதுண்டு). ஆக, நாளுக்கு ரூ.60 ஏற்றம்.

கணக்கு சரிதான். ஆனால் அதை நம்பி 40 குவிண்டால் கூடுதலாகக் கொள்முதல் செய்து கையைச் சுட்டுக்கொண்டோம். இரு முனைகளைப் பார்த்தோமே தவிர, நடுவில் கோடு போன வழியைப் பார்க்கவில்லை. 6ஆம் தேதியே விலை ரூ.9,900-ஐத் தொட்டுத் திரும்பியிருந்தது. 6 முதல் 11 வரை தனியே எடுத்தால் 5 நாளில் ரூ.300 சரிவு, அதாவது நாளுக்கு ரூ.60 இறக்கம்! நாம் வாங்கிய சரக்கு விற்றுத் தீர்வதற்குள் குவிண்டாலுக்கு ரூ.300 போயிற்று, மொத்தம் ரூ.12,000.

இப்போது முதல் தேதியிலிருந்து ஒரு கோடு, கடைசி ஐந்து நாளுக்கு ஒரு கோடு, இரண்டும் போட்ட பிறகே புரோக்கருக்குப் போன் செய்கிறோம்.